இடது மூலையில் நின்ற ஃப்ரிட்ஜ்

தனபாலனுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க நாங்கள் நான்கு பேரும் தி.நகருக்குப் போனது ஒரு புதன்கிழமை. அந்த நாளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிட வேண்டும்.

தனபாலன் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆனதும் மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். அதற்குப் பிறகு வீடு மாறவில்லை. மனைவி கெங்கம்மா மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். ஒரே மகன் சூர்யா கொட்டிவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான். போன மழைக்காலத்தில் கெங்கம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

தனபாலன் அழவில்லை. காரியத்துக்கு வந்த உறவினர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழும்படியாகவே பேசினார்கள். அவர் எழுந்து நாற்காலிகளை வரிசையாக எடுத்துப் போட்டார். அன்று முதல் அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. காபியா டீயா என்று கேட்டாலும் சரி, வெயிலில் உட்காரலாமா நிழலில் உட்காரலாமா என்று கேட்டாலும் சரி, “எதுனாலும் சரி” என்பார். கோபத்தோடு சொல்வதில்லை, அலுப்போடும் சொல்வதில்லை. பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பதுபோலச் சொல்வார்.

நாங்கள் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த சந்திரமௌலி, பாண்டி பஜாரில் பட்டனும் லைனிங் துணியும் விற்ற அமீன், தனபாலன், நான். நான் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தவன். பெஞ்சில் அரசியல் பேசுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அமீனும் சந்திரமௌலியும் அரசியல் பேசினால் மறுநாள் யாராவது ஒருவர் வருவதில்லை. ஆகவே மிச்சமிருந்தது வீட்டு விஷயம். யார் வீட்டில் என்ன வாங்கினார்கள், வாங்கியது ஏன் உழைக்கவில்லை, அதற்கு மனைவி யாரைக் குற்றம் சொன்னாள். இதில் சண்டை வந்ததே இல்லை.

அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது.

“எங்காத்துல மிக்ஸியோட சட்னி ஜாரைக் காணோம்,” என்றார் சந்திரமௌலி. “ஜானு என்னைச் சந்தேகப்படறா. நான் மிக்ஸியைத் தொட்டதே கிடையாதுடீன்னேன். அதான் சந்தேகம்ங்கறா.”

“உங்களுக்குன்னா ஜாரோட போச்சு சாமி,” என்றார் அமீன். “எங்க வூட்ல பையன் வாக்குவம் கிளீனர் வாங்கிக் குட்த்துகிறான். எங்க வூட்டம்மாவுக்கு அது போடற சத்தம்னா பயம். தொடப்பத்தால பெருக்கிட்டு, வாக்குவம் கிளீனர் மேல படிஞ்ச தூசிய துணியால தொடச்சிகினு கீறா.”

சந்திரமௌலி இருமும் அளவுக்குச் சிரித்தார். தனபாலன், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தவரைப்போலத் தலையை ஆட்டினார். பிறகு அவராகவே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் தானாகப் பேசுவது குறைந்திருந்ததால் எல்லோரும் திரும்பினோம்.

“எங்க வூட்ல ஃப்ரிட்ஜ் அவுட்டாயிடிச்சி.”

நடந்தது இது. சமையலறையில் தரையெல்லாம் தண்ணீர் நின்றிருக்கிறது. மாடி ஒழுகுகிறது என்று நினைத்துக் கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா சொர்ணத்திடம் புகார் சொல்லியிருக்கிறார். அவர் கொத்தனாரை அனுப்பினார். கொத்தனார் மொட்டை மாடியை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். ஃப்ரீசரில் கட்டியிருந்த பனி உருகி வடிந்திருந்தது.

“எப்ப ரிப்பேராச்சு மச்சி?” என்றார் அமீன்.

“தெர்ல.”

“தெர்லன்னா? தண்ணி எடுக்கத் தொறந்திருப்பல்ல?”

“தொறக்கல.”

“எத்தினி நாளா?”

தனபாலன் யோசித்தார். “நான் தொறந்ததே இல்ல. அவதான் எடுத்துக் குடுப்பா.”

காரியம் முடிந்த அன்று மருமகள் அஸ்வினி உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டார். தண்ணீர்க் கேன் கூடத்தில் இருந்தது. ஆக, அந்த ஃப்ரிட்ஜ் இத்தனை மாதமும் உள்ளே ஒன்றும் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“சூர்யா என்ன சொல்றான்?” என்றேன்.

“அத்த எடைக்குப் போட்டுட்டு அவன் வூட்டுக்கு வந்துடுன்றான். சொர்ணம்மா கைல மாசக் கடைசியில காலி பண்றோம்னு சொல்லிட்டான்.”

“நீ இன்னா சொன்ன?” என்றார் அமீன்.

“எதுனாலும் சரின்னேன்.”

இதில் சூர்யாவைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பாவைத் தனியாக விட அவனுக்கு மனமில்லை. ஆனால் தனபாலன் முன்பு ஒருமுறை அங்கே போய்க் கொஞ்ச நாள் தங்கியிருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பூட்டிய ஃப்ளாட்டில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். டிவியைப் போட்டுக்கொள்ளவும் மாட்டார். திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமவேண்டி இருந்தது. அங்கேயே போய்விட்டால் இந்த மனிதர் பேச்சையே விட்டுவிடுவார் என்பது எங்கள் பயம். அவருக்கு அந்தப் பயமும் இருந்ததாகத் தெரியவில்லை.

தனபாலன் குழாயில் கால் கழுவப் போனபோது அமீன் குரலைத் தாழ்த்தினார். “காலி பண்ற வூட்டுக்கு எவனாவது ஃப்ரிட்ஜ் வாங்குவானா? வாங்க வெச்சிட்டா இருந்துடுவான். இன்னிக்கே இட்டுகினு போவணும்.”

“அவர் மாட்டேன்னா?” என்றார் சந்திரமௌலி.

“அவன் எங்க மாட்டேன்னு சொல்லப்போறான்? எதுனாலும் சரிம்பான்.”

அப்படியேதான் சொன்னார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் பெரிய சாமான் எதையும் ஒருவர் தனியாகப் போய் வாங்கக் கூடாது. சந்திரமௌலி வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பார். அமீன் பேரம் பேசுவார். பில்லைப் பத்திரப்படுத்துவது என் வேலை. எந்த பஸ்ஸில் போனால் கடை வாசலில் இறங்கலாம் என்பது தனபாலன் பொறுப்பு. சந்திரமௌலியின் கிரைண்டர், அமீனின் வாஷிங் மெஷின், என் வீட்டு மின்விசிறிகள் எல்லாம் இந்த முறையில் வந்தவைதான். வீட்டுப் பெண்கள் யாரும் இந்தக் குழுவில் இல்லை. அதை ஒரு குறையாக நாங்கள் அதுவரை நினைத்ததில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தது. தனபாலன் உட்காரவில்லை. பின்படிக்குப் பக்கத்தில் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு வந்தார். பணியில் இருந்தபோது நின்றதுபோலவே நின்றார். அமீன் அவரைப் பார்த்து, “டிக்கெட்டு டிக்கெட்டு” என்று கத்தினார். பக்கத்தில் இருந்த ஒரு பெண் நிஜமாகவே பணத்தை எடுத்துத் தனபாலனிடம் நீட்டினாள். அவர் கையைக் காட்டி அசல் நடத்துநரைச் சுட்டினார். சிரிக்கவில்லை.

கடையில் ஒரு தளம் முழுவதும் ஃப்ரிட்ஜ். எஸ்தர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் எங்களை எதிர்கொண்டாள். நான்கு வயதானவர்கள் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலி போடச் சொன்னாள்.

“யாருக்கு அங்கிள் ஃப்ரிட்ஜ்?”

மூன்று பேரும் தனபாலனைக் காட்டினோம்.

“எவ்ளோ பெருசு பாக்கறீங்க?”

“எதுனாலும் சரிம்மா.”

“ரெண்டு கதவு,” என்று அமீன் முந்திக்கொண்டார். என் பக்கம் சாய்ந்து, “பெருசா வாங்கினா கொட்டிவாக்கத்துல லிஃப்டுல ஏத்த முடியாது,” என்றார்.

“ஒருத்தருக்கு எதுக்குய்யா ரெண்டு கதவு?” என்றார் சந்திரமௌலி. “எங்காத்துல பெரிசு வாங்கினதுலேர்ந்து என்ன ஆறது தெரியுமோ? போன வெள்ளிக்கிழமை சாம்பார் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. கேட்டா வெஸ்டாப் போகக் கூடாதுங்கறா. நானும் அவளும் சாம்பாருக்கு வாரிசு மாதிரி உக்காந்துண்டிருக்கோம்.”

“இன்னா சாமி, ஜானு மாமி காதுல விழுந்தா ரெண்டு கதவுக்கும் நடுவுல வெச்சி நசுக்கிடும்.”

“அவ காதுல விழாத இடம்தானே தி.நகர்.”

எஸ்தர் சிரித்தாள். தனபாலன் ஒரு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தகரத்தைத் தொடுகிறவர்போல உள்ளங்கையை முழுதாக வைத்திருந்தார்.

நடுத்தர அளவில் ஒன்று என்று ஒருவழியாக முடிவானது. உயரம், அகலம் எல்லாவற்றையும் நான் கிளம்பும் முன்பே தனபாலன் வீட்டு மாடிப்படிக்கும் வாசலுக்கும் அளந்து வைத்திருந்தேன். சந்திரமௌலி கம்ப்ரசர் வாரண்டியைப் படித்து முடித்தார். அமீன் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு பேரத்துக்குத் தயாரானார். அப்போது எஸ்தர் கேட்டாள்.

“கிச்சன்ல எங்க வைப்பீங்க அங்கிள்? இதுக்குக் கீல் வலது பக்கம். மாத்த முடியாது. செவுரு வலது பக்கம் வந்தா கரெக்டா இருக்கும். மேடை அந்தப் பக்கம் வந்துதுன்னா கதவு குறுக்க நிக்கும். எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்தா வாங்க மாட்டோம். இப்ப உங்க வீட்ல எந்தப் பக்கம் செவுரு?”

தனபாலன் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

“சரி, சாதாரணமா எந்தப் பக்கம் இருக்கும்?” என்று சந்திரமௌலி பொதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்ல எந்தப் பக்கம் அங்கிள்?” என்றாள் எஸ்தர்.

சந்திரமௌலி வாயைத் திறந்து மூடினார். வலது கையை நீட்டிக் காற்றில் ஒரு கதவைத் திறந்தார். அது சரிப்படவில்லை போலும். இடது கையால் திறந்தார். அமீனும் அதையே செய்தார். இரண்டு பேர் நடுக்கடையில் இல்லாத கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி எனக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாததை நான் சொல்வதில்லை.

சந்திரமௌலி போனை எடுத்தார். “ஜானு, நம்மாத்து ஃப்ரிட்ஜுக்கு எந்தப் பக்கம் சுவர்?”

போனில் ஜானுவின் குரல் எங்களுக்கே கேட்டது. “ஏன், யாராவது ஆதார் கார்டுல கேக்கறாளா?”

“சொல்லேன்.”

“அடுக்களைக்குள்ள ஒரு தரமாவது வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். வலது பக்கம். சட்னி ஜார் கெடச்சுடுத்து, பொங்கல் பானைக்குள்ள இருந்தது. நீங்க எடுக்கலை. வெச்சுடறேன்.”

அமீனும் வீட்டுக்குப் போன் போட்டார். அங்கே இருந்து வந்த பதிலை அவர் எங்களிடம் சொல்லவில்லை. “வலது பக்கம்தானாம்,” என்று மட்டும் சொன்னார்.

தனபாலனும் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துவிட்டிருந்தார். அதைத் திறந்து ஏதோ தேடினார். பிறகு விரல் நின்றது. போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அமீன் அதைப் பார்த்துவிட்டு எஸ்தரிடம் விசிறிகள் எந்தத் தளத்தில் என்று விசாரித்தார்.

“நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்,” என்றார் தனபாலன்.

கெங்கம்மா இறந்த பிறகு அவர் ஒன்றைச் செய்கிறேன் என்று தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. துணைக்கு நான் கிளம்பினேன். மற்ற இருவரும் கடையில் இருப்பது என்று ஏற்பாடு. நாங்கள் திரும்புவதற்குள் பேரத்தை முடித்துவைப்பதாக அமீன் சொன்னார். எஸ்தர் தன் மேலாளரைக் கூப்பிடப் போனாள்.

ஆட்டோவில் போனோம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் அடைத்திருந்ததால் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது.

மாடி வீட்டின் சமையலறை ஒடுக்கமானது. உள்ளே நுழைந்தால் இடது மூலையில் ஃப்ரிட்ஜ். அதன் இடது பக்கம் சுவர். வலது பக்கம் சமையல் மேடை தொடங்கி ஜன்னல் வரை போகிறது. ஜன்னலுக்குக் கீழே, மேடையின் மறுகோடியில், அரிசி டிரம் நின்றது. எஸ்தர் கேட்ட கேள்விக்கு விடை வாசலில் இருந்தே தெரிந்துவிட்டது. “இடது பக்கம்,” என்றேன். “கீல் வலது பக்கம்னா மேடையை மறைக்கும்.”

அவர் கதவைத் திறந்தார்.

கதவு மேடைப் பக்கமாக விரிந்து வழியை அடைத்துக்கொண்டது. அவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். தோள் சுவரில் உரசியது. உள்ளே ஒன்றும் இல்லை. எதையோ எடுப்பதுபோலக் கையை உள்ளே விட்டு வெளியே கொண்டுவந்தார். மேடையில் வைக்கத் திரும்பினார். முடியவில்லை, கதவு குறுக்கே நின்றது. கதவை மூடலாம் என்றால் கையில் பொருள் இருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கை தானாக மேலே போயிற்று. ஃப்ரிட்ஜின் தலையில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. கையில் இருந்த, இல்லாத பொருளை அதில் வைத்தார். கதவை மூடினார். தாம்பாளத்தைப் பார்த்தார்.

“இதுக்குத்தானா இந்தத் தட்டு,” என்றார்.

தாம்பாளத்தின் நடுப்பகுதி பாத்திரங்கள் வைத்து எடுத்து மங்கிப்போயிருந்தது. கெங்கம்மா உயரம் குறைந்தவர். ஒவ்வொரு தடவையும் எட்டித்தான் வைத்திருக்க வேண்டும்.

“ஃப்ரிட்ஜ இங்க வெச்சது யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான் சார். பிளக் பாயிண்ட் இங்கதான் இருந்திச்சி.” சுவரில் இருந்த பாயிண்டைத் தொட்டுக் காட்டினார். “வாங்கின புதுசுல ஒரு தபா சொன்னா, இடிக்குதுன்னு. பாக்கலாம்னேன். அப்பால சொல்லல.”

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. டிரம்மை நகர்த்தினார். ஜன்னலோரச் சுவரை அண்ணாந்து பார்த்தார். விரலால் தட்டினார்.

“இந்தக் கடைசியில வெச்சா செவுரு வலது பக்கம் வருதில்ல?”

“வருது.”

“இங்க ஒரு பாயிண்ட் போடணும். சொர்ணம்மாவக் கேக்கணும், செவுத்துல ஓட்டை போடறதுன்னா.”

கீழே இறங்கினோம். சொர்ணம் அம்மாள் முன்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பேசுகிற வழக்கம் அவருக்கு.

“இன்னா கண்டக்டரே, மறுக்கா ஒயுகுதா?”

“இல்லம்மா. கிச்சன்ல ஜன்னலாண்ட ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக்கலாமான்னு.”

“இன்னாத்துக்கு?”

“ஃப்ரிட்ஜ் வாங்கறேன்.”

சொர்ணம் அம்மாளின் கை நின்றது. தலை நிமிர்ந்தது. “உம்புள்ள வந்து காலி பண்றோம்னு சொல்லிட்டுப் போனானே. ஞாயித்துக்கெயம வூடு பாக்க ஆளு வர்றாங்க. காலி பண்ற வூட்ல உனுக்கு இன்னாத்துக்குப் புது பாயிண்டு?”

அவர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். வாயில் தயாராக இருக்கும் அந்த இரண்டு வார்த்தைகள்தான் வரும் என்று நினைத்தேன். வந்துவிட்டால் அமீனின் திட்டம் அந்த முன்கட்டிலேயே முடிந்துவிடும். சொல்லிக்கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அது நான் சொல்லக்கூடிய பதில் அல்ல.

“போடணுமா, வாணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லு,” என்றார் சொர்ணம் அம்மாள்.

“போடணும்.”

“அப்ப காலி பண்றது?”

தனபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “காலி பண்ணலம்மா.”

“இது நீ சொல்றதா, உம்புள்ள சொல்றதா? நாளைக்கு அவன் வந்து என்னாண்ட சத்தம் போடக் கூடாது.”

“நான் சொல்றதுதான்.”

“கெங்கம்மா இல்லாம எப்டி இருப்ப? சோறு ஆக்கத் தெரியுமா உனுக்கு?”

“தெரியாது.”

“பின்ன?”

“தெர்லம்மா.”

சொர்ணம் அம்மாள் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். “செவுத்த ரொம்பத் தோண்டாத. பூசி வெள்ளையடிச்சிக் குடுக்கணும். எலக்ட்ரீசியன் நான் சொல்ற ஆளுதான்.”

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, “நல்லா சொன்னீங்க,” என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இன்னா நல்லா சொன்னேன்? ஒண்ணும் தோணல சார். பாயிண்ட் வேணும். அதுக்கு இன்னா சொல்லணுமோ சொன்னேன்.”

ஆயிரம் விளக்குப் பக்கமாகச் சுற்றிப் போகட்டுமா என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு, “வாணாம், ஆழ்வார்பேட்டை சிக்னல்ல லெஃப்ட் எடு,” என்று வழி சொன்னார்.

சூர்யாவுக்கு ஆட்டோவில் இருந்தபடியே போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் அவருக்குப் பேச வரும். ஆகவே எனக்கும் கேட்டது.

“சூர்யா, ஃப்ரிட்ஜ் வாங்கறேன்டா.”

“எதுக்குப்பா? இங்கதான் இருக்கே.”

“மைலாப்பூருக்கு.”

“அமீன் அங்கிள் ஏத்தி விட்டாரா?”

“அவனும் ஏத்தி விட்டான்.”

“அஸ்வினி எதுனா சொன்னாளாப்பா? நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலடா. நான் சொர்ணம்மாகிட்ட சொல்லிட்டேன், இருக்கேன்னு.”

“தனியா இன்னாப்பா பண்ணுவ அங்க?”

“சாய்ந்தரம் பேசறேன்,” என்று வைத்துவிட்டார். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

கடையில் அமீன் ஜெயித்துக்கொண்டிருந்தார். நாங்கள் போவதற்குள் ஸ்டெபிலைசர் இலவசம் என்றாகி, பழைய ஃப்ரிட்ஜைக் கடைக்காரர்களே வந்து எடுத்துக்கொள்வது என்றாகி, ஒரு ஹாட் பாக்ஸும் சேர்ந்திருந்தது. மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்திரமௌலி எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“எந்தப் பக்கம் ஓய்?”

“எடது பக்கம் கீது. வலது பக்கம் மாத்தப்போறேன்.”

“சுவத்தையா?”

“செவுத்த இல்ல, ஃப்ரிட்ஜ.”

“அப்பாடா. நீங்க இருக்கற நெலைமைக்கு எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியிருக்கு.”

எஸ்தர் கம்ப்யூட்டரில் அவர் போன் நம்பரைத் தட்டினாள். “ஏற்கெனவே டிவி வாங்கியிருக்கீங்களே அங்கிள். கொட்டிவாக்கம் அட்ரஸ் வருது. அங்கேயே டெலிவரி போட்டுடவா?”

“அது எம்புள்ள வூடும்மா,” என்றார் தனபாலன். பிறகு தன் விலாசத்தைச் சொன்னார். சந்துக்குள் வண்டி வராது, மாவு மில்லுக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், மாடிப்படியில் வளைவு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அமீன் என் கையைப் பிடித்து நசுக்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜ் வந்தது. அதற்கு முன்பே எலக்ட்ரீசியன் பாயிண்ட் போட்டிருந்தார். சுவரில் பூசிய சிமென்ட் இன்னும் காயவில்லை. பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் தரையின் நிறம் வேறாக இருந்தது. தனபாலன் துடைப்பம் தேடினார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் சூர்யா வந்தான். வேலையில் இருந்து நேராக வந்திருந்தான், தோளில் பை. சண்டை போட வந்தவன்போலத்தான் படியேறினான். சமையலறைக்குள் வந்து, ஜன்னலோரத்தில் நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்தான். அப்பா சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்தான். கதவு சுவர்ப்பக்கம் ஒதுங்கியது. மேடை அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. திறந்து மூடினான். மறுபடி திறந்தான்.

“அம்மா இருந்தப்பவே இத செஞ்சிருக்கலாமேப்பா,” என்றான்.

“ஆமா,” என்றார் தனபாலன்.

சூர்யா பையை இறக்கி வைத்துவிட்டு அரிசி டிரம்மைத் தூக்கிப் பழைய மூலையில் வைத்தான். ஃப்ரிட்ஜின் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து உருண்டையாகச் சுருட்டினான். ஓட ஆரம்பித்த மோட்டார் சன்னமாக உறுமியது. தனபாலன் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிக் குளிர்கிறதா என்று பார்த்தார். தட்டுகள் எல்லாம் காலியாக இருந்தன.

“உள்ள வைக்க ஒண்ணும் இல்லயேப்பா,” என்றான் சூர்யா.

தனபாலன் கதவை மூடினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பித்தான் போட்டபடியே கேட்டார்: “பால் எந்தக் கடையில வாங்குவா உங்கம்மா? உனுக்குத் தெரியுமா?”

“தெரியாதே.”

“சொர்ணம்மாவுக்குத் தெரியும். கேட்டு வாங்கியாரேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.